‘வாள் யாருது?’

வாசலில் கால் வைக்கும் முன்பே வாசனை வந்துவிட்டது. ஊறவைத்த புளியும் செங்கல் தூளும் சேர்ந்து இரும்பில் உரசும்போது எழும் புளிப்பு வாசனை. அருங்காட்சியகத்தின் உலோகப் பிரிவில் காலம் தள்ளிய எனக்கு, அந்த வாசனை வந்தாலே யாரோ எதையோ தேய்த்து அழிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

கோவிந்தம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே கோணிப்பையின் மேல் அந்த ஜப்பானிய வாள் கிடந்தது. சற்று முன்புதான் நான் அதன் பிடியைக் கழற்றி, பிடிக்குள் மறைந்திருந்த இரும்புக் காம்பை வெளியே எடுத்திருந்தேன். டார்ச்சையும் காமிராவையும் எடுத்துவரக் கீழே நின்ற காருக்கு ஓடினேன். திரும்பி வருவதற்குள் அவர் கையில் ஓர் உருண்டைப் புளி. அந்தக் காம்பை, அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதுபோலத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“கோவிந்தம்மா!”

நான் போட்ட சத்தத்தில் முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின.

“இந்தப் பக்கம் ஆய்ட்ச்சி யக்கா,” என்றார் அவர், முகமெல்லாம் சிரிப்பாக. “அந்தப் பக்கந்தான் பாக்கி. எவ்ளோ துரு! சாமியை இத்தினி வருசமா இப்டி கலீஜா வச்சினு இருந்துக்கிறோம் பாருங்க.”

நான் அப்படியே பக்கத்திலிருந்த ஆட்டுக்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் உட்கார்வது எவ்வளவு பெரிய சம்பவம் என்று.

நாற்காலிக்கு ஆகாதவள்

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருபவர்கள் என் அவசரத்தை இதற்குள் பழகியிருப்பார்கள். வேலையில் இருந்த நாட்களில், என் நாற்காலியில் என்னைவிட என் கைப்பைதான் அதிக நேரம் உட்காரும் என்று மேலதிகாரி ஒருவர் கிண்டல் செய்வார். ஓய்வு பெற்றபின் குணம் இன்னும் மோசமாகிவிட்டது. வேலூர் வீட்டில் என் கணவர் கார் சாவியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைப்பார். “ஒரு காபியையாவது உட்கார்ந்து குடி” என்பார். நான் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தபடியே குடித்து முடித்திருப்பேன்.

அப்படிப்பட்டவளை இந்த வேலை எப்படி வைத்துக்கொண்டது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பழைய உலோகத்தைப் பார்க்கும்போது மட்டும் என் கால் நின்றுவிடும். அந்த ஒரு பலவீனத்தால்தான் எனக்குச் சம்பளம் கிடைத்தது.

ஜப்பானிய வாள்கள் எனக்கு அறிமுகமானது வேலைக்குச் சேர்ந்த புதிதில். எங்கிருந்தோ பறிமுதலாகி வந்த பழைய ஆயுதக் குவியலைப் பிரித்து அடுக்கும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. அதில் இரண்டு வாள்கள் மட்டும் வேறு ஜாதி. அவற்றைப் பார்க்க ஜப்பானிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். மெலிந்த மனிதர். மேசை மேல் வெள்ளைத் துணி விரித்து, வாளை வைத்து, அதன் முன் குனிந்து வணங்கிவிட்டுத்தான் தொட்டார். இரும்புக்குப் போய் இப்படி ஒரு கும்பிடா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் பிடியை எப்படிக் கழற்றுவது என்று அவரிடம்தான் கற்றேன். பிடியில் குறுக்கே ஒரு சின்ன மூங்கில் முளை இருக்கும். அதைத் தட்டி வெளியே தள்ளிவிட்டு, வாளைப் பிடித்திருக்கும் மணிக்கட்டின் மேல் மற்ற கையால் குத்தினால் அலகு பிடியைவிட்டு மெல்ல நழுவும். “அலகை எவன் வேண்டுமானாலும் பளபளப்பாக்கலாம். உள்ளே இருக்கும் காம்பைத்தான் கேட்க வேண்டும்” என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னார். காம்பில் படிந்த துருவை யாரும் துடைக்கக் கூடாது. அந்தத் துருவின் நிறம்தான் வாளின் வயது.

செல்வி காட்டிய படம்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவள் செல்வி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜவ்வாது மலையில் காவலூருக்கு மேலே ஒரு சிறு ஊர் அவளுக்கு. ஒருநாள் காலையில் ட்யூட்டி முடிந்து வந்தவள், மாடிக்கு ஏறாமல் என் முன்னால் வந்து நின்று போனை நீட்டினாள்.

“ஆன்ட்டி, இது ஜப்பான் கத்தியான்னு பார்த்துச் சொல்லுங்க. எங்கம்மாவுக்கு நாலு நாளா சோறு எறங்கல.”

படத்தில் சந்தனமும் குங்குமமும் மஞ்சள் துணியும்தான் தெரிந்தன. உறையின் நுனி மட்டும் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பழுப்பு வர்ணம் பூசிய தகரம். அதன் முனைப் பூணில் ஐந்து இதழ்ச் செர்ரிப் பூ. எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

அவள் சொன்ன கதை இதுதான். அவர்கள் ஊரில் வேடியப்பன் கோயில் இருக்கிறது. கோயில் என்றால் கோபுரமெல்லாம் இல்லை. மரத்தடியில் ஒரு நடுகல். என்றோ சண்டையில் செத்த வீரன் ஒருவன் கையில் கத்தியோடு நிற்கும் கல். சித்திரையில் திருவிழா. அன்று ஒரு வாளை வீட்டிலிருந்து ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கல்லின் முன் சாத்துவார்கள். செல்வியின் தாத்தாவுக்கு அண்ணன் சடையப்பன், அந்தக் காலத்துப் பெரிய யுத்தத்தில் பர்மா பக்கம் போய்விட்டு வரும்போது கொண்டுவந்த வாள் அது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்குப்பின் தம்பி தூக்கினார். தம்பிக்கு ஆண்பிள்ளை இல்லாததால் அவர் மகள் கோவிந்தம்மாள், செல்வியின் அம்மா, தூக்கி வருகிறார்.

இதில் ஒரு முறை உண்டு. கோயில் எல்லையில் பங்காளி ஒருவர் கோலைக் குறுக்கே நீட்டி வழியை மறிப்பார். “வாள் யாருது?” என்று மூன்று தடவை கேட்பார். தூக்கி வருபவர் பதில் சொல்ல வேண்டும். சாமி எல்லையில் பொய் சொல்லக் கூடாது. பதிலைப் பங்காளி ஏற்றுக்கொண்டால் கோலை எடுத்துவிட்டு விலகுவார். ஏற்காவிட்டால் வாள் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

“சடையப்பன் ஜெயிச்சி கொண்டாந்தது, சடையப்பன் வூட்டுது.” இதுதான் இத்தனை காலமும் சொல்லிவந்த பதில்.

வழி மறிப்பவர் காளியப்பன். கோவிந்தம்மாளின் சித்தப்பா மகன், தம்பி முறை. இந்த ஆண்டு அவர் பஞ்சாயத்தில் எழுந்து, நான் கோலை எடுத்து வழிவிட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்திருக்கிறார். ஜப்பான் கத்தி என்று ஊரெல்லாம் சுற்றுவது போலி, பெரியப்பா எங்கேயோ சந்தையில் வாங்கிவந்து கதை கட்டிவிட்டார் என்பது அவர் கட்சி.

“மொதல் மரியாதை போனா போவட்டும்னு அம்மா சொல்றாங்க ஆன்ட்டி. இத்தினி வருஷம் சாமி முன்னால பொய் சொல்லிட்டனான்னுதான் அழறாங்க.”

அரிசி டப்பாவில் கைவிட்டுச் சாவியை எடுத்தேன். என் கணவர் குளியலறையில் இருந்தார்.

உடுப்பும் உடம்பும்

மலை ஏறும் வளைவுகளில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தபோது, பக்கத்தில் இருந்த செல்வி என் விரல்கள் ஸ்டீயரிங்கில் தாளம் போடுவதைப் பார்த்துச் சிரித்தாள். மரங்களுக்கு நடுவே வானோக்கு நிலையத்தின் வெள்ளைக் குவிமாடம் தெரிந்து மறைந்தது. ஊருக்குள் நுழைந்தால் வீட்டுக்கு வீடு புளி. பாய்களில் காய்கிற புளி, கட்டையால் அடிபடுகிற புளி, கொட்டை எடுத்து உருண்டை பிடித்த புளி. இதெல்லாம் எனக்கு வேட்டு வைக்கப் போகிறது என்று அப்போது தோன்றவில்லை.

கோவிந்தம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, உரமேறிய கை. காபிக்குப் பதில் ஒரு சொம்பு மோர் கொடுத்துவிட்டு, “தொட்றதுக்கு மின்ன கல்பூரம் ஏத்திக்கிறேன் யக்கா” என்றார். ஏற்றி, வாளின் முன் விழுந்து கும்பிட்டார். பல வருடத்துக்கு முன் மேசை முன் குனிந்த அந்த மெலிந்த மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காளியப்பனும் வந்து கை கட்டி நின்றார். ஐம்பதைத் தாண்டிய, வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசும் மனிதர். மாடு ஓட்டும் கோலைச் சுவரில் சாத்தி வைத்திருந்தார்.

துணியை அவிழ்த்தோம். உறை பட்டாளத்து உறைதான். தகரத்தின் மேல் காக்கிப் பழுப்பு வர்ணம், இடுப்பில் தொங்கவிட ஒரு வளையம். பிடியில் திருக்கை மீனின் சொரசொரத் தோல், அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக நாடா. கைக்காப்புத் தகட்டிலும் செர்ரிப் பூ. போலிகளில் இந்தப் பூ மழுங்கி, அச்சில் வார்த்த மண் பொம்மை மாதிரி இருக்கும். இதில் ஒவ்வோர் இதழும் உளியில் செதுக்கிய கூர்மையோடு இருந்தது.

“அந்தப் பூவெல்லாம் யூடியூப்ல இப்பவும் செய்றான் மேடம்,” என்றார் காளியப்பன்.

எரிச்சல் வந்தாலும் அவர் சொன்னதில் தவறில்லை. ஒரு நல்ல உறைக்குள் எந்தத் தகரத்தையும் செருகி வைக்கலாம். நான் அவர்களுக்குப் புரியும்படி சொன்னேன். “இந்த உடுப்பு பட்டாளத்துது. அதில் சந்தேகமில்லை. உள்ளே இருக்கிற உடம்பு யாருதுன்னு பார்க்கணும். சந்தைப் போலியா இருக்கலாம். யுத்தத்துக்காகத் தொழிற்சாலையில அவசரமா அடிச்சதா இருக்கலாம். இல்லை, ஒரு வீட்டில் பரம்பரையா இருந்த பழைய அலகுக்குப் பட்டாளத்துச் சட்டை மாட்டிவிட்டதா இருக்கலாம். அப்படியும் செய்திருக்காங்க.”

உறையிலிருந்து அலகை உருவினேன். கண்ணைக் கூசியது. எவர்சில்வர் தட்டு மாதிரி ஒரே வெள்ளை. பழைய ஜப்பானிய அலகில் வெட்டுவாய் ஓரமாகப் புகை படர்ந்ததுபோல ஒரு கோடு ஓடும், இரும்புக்குப் பதம் கொடுத்த அடையாளம். இதில் அது இருந்ததா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை.

“எதைப் போட்டுத் தேய்க்கிறீங்க?”

“புளிதான் யக்கா. திருநா வந்தா புளியும் செங்கத் தூளும் போட்டு தேச்சி, வெளக்கெண்ண தடவுவோம். எங்கப்பாவும் அதான் செய்வாரு.”

நான் பொரிந்து தள்ளினேன். அப்பாவையும் சேர்த்துத்தான் திட்டினேன். கோவிந்தம்மாள் தலை குனிந்துகொண்டார். பின்னால் நின்ற செல்வி என் தோளைத் தொட்டபிறகுதான் அடங்கினேன். மாமரத்தடி வரை ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.

இனி காம்புதான் கதி. பிடியில் சந்தனமும் எண்ணெயும் குங்குமமும் அடைசலாக அப்பியிருந்தன. அதைச் சாமியின் இடுப்புக் கட்டு என்று யாரும் அவிழ்த்ததே இல்லையாம். அப்படியானால் உள்ளே புளி போயிருக்காது.

முளையைத் தட்டினேன். காய்ந்து இறுகியிருந்தது, ஆனாலும் நழுவியது. மணிக்கட்டில் குத்தினேன். அசையவில்லை. இன்னும் பலமாகக் குத்தினேன். எங்கோ ஒரு சின்ன முனகல் கேட்டது, பிடி நெகிழ்ந்தது. காம்பு வெளியே வந்தது. பனைவெல்லக் கருப்பு. தொட்டால் கையில் ஒட்டாத, இறுகிப் படிந்த துரு. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி பதில் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. முழுதாகப் பார்க்காமல் சொல்லக் கூடாது என்று ஒரு வீம்பு.

காளியப்பன் எட்டிப் பார்த்தார். “இன்னா அக்கா, ஒரே துருவா கீது! சாமியை இப்டியா வச்சினு இருந்த?”

சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். “இதைத் தொடாதீங்க” என்று நான் சொல்லிவிட்டுக் காருக்கு ஓடினேன். செல்வி அடுப்படியில் சாமைச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கோவிந்தம்மாளின் காதில் என் வார்த்தை விழுந்ததா, தம்பியின் வார்த்தைதான் விழுந்ததா என்று கேட்கவே வேண்டாம்.

கழுவியது என்ன

ஆட்டுக்கல்லின் மேல் உட்கார்ந்தவள் எழுந்து, அவர் கையிலிருந்து வாளைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். ஒரு பக்கம் புதுக் கரண்டி மாதிரி மின்னியது.

“கோவிந்தம்மா, அது அழுக்கு இல்லை. அதுதான் இதோட வயசு. இது போலி இல்லைன்னு உங்க தம்பிகிட்ட சொல்ல என்கிட்ட இருந்த ஒரே சாட்சி அதுதான்.”

அவர் கையிலிருந்த புளி நழுவி விழுந்தது.

“அப்ப நானே அழிச்சிட்டனா யக்கா?”

இன்னும் திட்ட வேண்டும்போல இருந்தது. அழவும் வேண்டும்போல இருந்தது. புளித்தண்ணீர் வழியும் அந்த இரண்டு கைகளைப் பார்த்தபோது இரண்டும் முடியவில்லை. அவர் செய்தது மரியாதை. துருவோடு சாமியை விருந்தாளி முன்னாலும் பங்காளி முன்னாலும் காட்ட அவருக்கு மனம் வரவில்லை.

வாளைத் திருப்பினேன். மறுபக்கம் கருப்பு அப்படியே இருந்தது. வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். அரம் இழுத்த தடங்கள் சாய்வாக, துருவுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தன. தொழிற்சாலை முத்திரை ஏதும் இல்லை. முளை நுழைகிற துளைக்குக் கீழே இன்னொரு துளை. காம்பின் அடி நுனியில் பிறைபோலப் பாதித் துளை ஒன்று, மீதிப் பாதி வெட்டப்பட்டிருந்தது.

புளி எவ்வளவு தேய்த்தாலும் துளையைத் தேய்க்க முடியாது.

காளியப்பன் ஒரு பசுவை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன்.

“அண்ணன் பேன்ட்டைத் தம்பிக்கு வெட்டித் தைப்போமில்லையா? இந்த வாளையும் அப்படிச் செய்திருக்காங்க. முதல்ல இது இன்னும் நீளம். பிறகு வந்த ஒருத்தருக்காக அடியை வெட்டிக் குட்டையாக்கி, புதுசாத் துளை போட்டிருக்காங்க. அப்புறம் இன்னொரு தடவை. செய்த கொல்லன் பேர் இருந்திருந்தா அது வெட்டின துண்டோடயே போயிருக்கும். பட்டாளத்துச் சட்டை மாட்டினது கடைசியா. போலி செய்றவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான். யுத்தத்தைவிட இந்த அலகு ரொம்பப் பழசு, காளியப்பன்.”

“அப்ப நெசமாவே ஜப்பான்காரனுதா?”

“நிஜமா.”

காளியப்பன் துளைகளை எண்ணிப் பார்த்தார். “அப்ப பெரியப்பா கதை உடல,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கோவிந்தம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இந்த அழுகை வேறு. செல்வி அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

இதோடு முடித்துக்கொண்டு மோர்ச் சொம்பைக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். என் கால் விடுமா?

குங்குமத்துக்கு அடியில்

பிடியைத் திரும்ப மாட்டும்போது அதன் நுனியை மூடியிருக்கும் தலைப்பூணைக் கவனித்தேன். அங்குதான் ஒவ்வொரு திருவிழாவிலும் பொட்டு வைப்பார்களாம். ஒன்றின் மேல் ஒன்றாகக் குங்குமம் கல்போல இறுகிச் சின்னக் கொண்டை மாதிரி நின்றது. பட்டாளத்து அதிகாரிகளில் சிலர் அந்த இடத்தில் தங்கள் வீட்டு அடையாளத்தைப் பதித்துக்கொள்வதுண்டு. இருக்கிறதா பார்க்கலாமா என்று கேட்டேன்.

“நான் எடுக்கிறேன்,” என்றார் கோவிந்தம்மாள். வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தார். இப்போது மட்டும் எவ்வளவு பதவிசு!

சிவப்பு கரைந்து வழிந்தது. உள்ளே வெள்ளியில் ஒரு சின்ன வட்டம். வட்டத்துக்குள் மூன்று இலைகள். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“சூடு போட்டுக்கிறாங்க,” என்றார்.

அந்த ஊரில் மாடுகளின் தொடையில் வீட்டுக்கு வீடு ஒரு சூட்டுக்குறி போடுவார்கள். மலையில் மேயும் மாடு வழி தவறி வேறு ஊருக்குப் போகும். அப்படி வந்த மாட்டைக் கட்டிப் போடலாம், தீனி போடலாம், பால்கூடக் கறந்துகொள்ளலாம். ஆனால் யாருடையது என்று கேட்டால் சூடு போட்ட வீட்டுடையது என்றுதான் சொல்ல வேண்டும். என்னுடையது என்று சொன்னால் திருட்டு. கட்டியவர் ஊர் அறியச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் “தண்ணி காட்னியா?” என்று கேட்பார். “காட்னேன்” என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது.

இதையெல்லாம் செல்வி பிறகு எனக்குச் சொன்னாள். காளியப்பன் வீட்டில் படவேட்டுப் பக்கத்துச் சூடு போட்ட கிடாரி ஒன்று நெடுநாள் நின்றதாம். சொந்தக்காரர் தேடி வந்தபோது, அங்கே ஈன்ற கன்றையும் சேர்த்து ஓட்டி அனுப்பினாராம். அம்மாவோடு அவருக்கு ஆயிரம் சண்டை இருந்தாலும், அந்த விஷயத்தில் மாமாவை யாரும் குறை சொல்ல முடியாது என்றாள்.

அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது, முற்றத்தில் பேச்சு நின்றுபோனது மட்டும்தான். காளியப்பன் குனிந்து அந்த மூன்று இலைகளைப் பார்த்தார்.

“அக்கா,” என்றார். குரலில் முன்பிருந்த முறுக்கு இல்லை. “இது வேற வூட்டு சூடு.”

“தெரிது.”

“சடையப்பன் வூட்டுதுன்னு இனிமே எப்டி சொல்லுவ?”

கோவிந்தம்மாள் என்னைப் பார்த்தார். “அந்த ஆளு குடுத்தானா யக்கா, இல்ல எங்க பெரியப்பா புடுங்கினு வந்தாரா? இல்ல செத்தவன் கையில இருந்து...”

“அதை வாள் சொல்லாது, கோவிந்தம்மா. எனக்கும் தெரியாது.”

போலி இல்லை என்று நிரூபிக்கப் போய், அவர் சொல்லிவந்த பதிலையே பிடுங்கிவிட்டேன். கிளம்பும்போது அவர் ஊர் வழக்கப்படி என் மடியில் ஒரு புளி உருண்டையைக் கட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

கோல்

திருவிழா வரும்வரை நான் வீட்டை அளந்துகொண்டே இருந்தேன். செல்வி லீவு போட்டு முன்னமே ஊருக்குப் போய்விட்டாள். போன் செய்தால் சிக்னல் இல்லை. திருவிழா அன்று விடிகாலையில் என் கணவரே அரிசி டப்பாவிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். “போய்ட்டு வா தாயே, தரை தேயுது” என்றார்.

காலை வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தேன். பம்பைச் சத்தம் காரிலேயே கேட்டது. கோயில் எல்லையில் கூட்டம். நான் முண்டியடித்து முன்னால் போனேன். யாரோ முழங்கையால் இடித்தார்கள். பதிலுக்கு நானும் இடித்தேன்.

கோவிந்தம்மாள் வந்தார். நனைந்த கூந்தல், மஞ்சள் புடவை. இரு கைகளிலும் வாள். புதுத் துணி சுற்றி, பிடியில் புதுச் சந்தனம். தலைப்பூணில் மட்டும் பொட்டு இல்லை. வெள்ளி வட்டமும் மூன்று இலைகளும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. குங்குமத்தை அதற்குக் கீழே தள்ளி வைத்திருந்தார்.

காளியப்பன் கோலைக் குறுக்கே நீட்டினார். பம்பை நின்றது.

“வாள் யாருது?”

கோவிந்தம்மாள் பேசவில்லை. கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

“வாள் யாருது?”

மறுபடியும் பேசவில்லை. செல்வி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். சொல்லிவிடம்மா, பழைய பதிலையே சொல்லிவிடு, யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. காளியப்பன் கோலைக் கை மாற்றிப் பிடித்தார். மூன்றாவது தடவை கேட்க அவருக்கே மனம் வரவில்லை என்று தெரிந்தது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

“வாள் யாருது?”

“சூடு போட்ட வூட்டுது,” என்றார் கோவிந்தம்மாள். “அவன் பேரு தெரியாது. ஊரும் தெரியாது. எங்க பெரியப்பன் கொண்டாந்து கட்டினாரு. எப்டி கொண்டாந்தாருன்னு அவுரு சொல்லல. அந்த வூட்டாளுங்க வந்து கேக்கற வரைக்கும் நான் கட்டி வச்சினு கீறேன்.”

இது திருவிழாவில் சொல்லும் பதில் இல்லை. இதற்கு என்ன செய்வது என்று பூசாரிக்கும் தெரியவில்லை. எல்லோரும் காளியப்பனைப் பார்த்தார்கள்.

அவர் அந்த மூன்று இலைகளைப் பார்த்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

“தண்ணி காட்னியா?” என்று கேட்டார்.

“காட்னேன்.”

காளியப்பன் கோலை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வழியை விட்டு விலகினார்.